போலந்து ஸ்பீட்வே அணி: நான்கு பேர் இறங்கினால் தங்கம், இரண்டு பேர் என்றால் தடுமாற்றம்

கேள்வி இதுதான்: உலகிலேயே பணமும் கூட்டமும் அதிகம் சேரும் ஸ்பீட்வே (பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களை மண் தடத்தில் ஓட்டும் பந்தயம்) லீக் போலந்தில் நடக்கிறது. அந்த நாட்டின் பார்டோஷ் ஸ்மர்ஸ்லிக் 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என ஆறு முறை தனிநபர் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார். அப்படியிருந்தும் 2018-ல் தொடங்கிய, நாட்டுக்கு இருவர் ஜோடியாக இறங்கும் ‘ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்’ அணிப் பட்டம் ஒருமுறைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லையே, ஏன்? அதற்கு முன் அந்த அணியின் வரலாறு என்ன?

வீரர்களின் மன உறுதி, அதிர்ஷ்டம், பயிற்சியாளரின் தவறு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு இவற்றில் பெரிய உடன்பாடு இல்லை. போட்டியின் அமைப்பைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. போலந்திடம் எப்போதும் இருப்பது வரிசையாக ஐந்தாறு நல்ல வீரர்கள். நான்கைந்து பேர் இறங்கும் போட்டியில் இந்த ஆள்பலம் புள்ளியாக மாறும். இரண்டே பேர் இறங்கும் போட்டியில் மீதி ஆள்பலம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும். கடந்த அறுபது ஆண்டு முடிவுகளை இந்தக் கண்ணோட்டத்தில் அடுக்கினால் பெரும்பாலும் பொருந்துகிறது. பொருந்தாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டின் அடிப்படை. வண்டியில் இருப்பது 500 சிசி ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். எரிபொருள் மெத்தனால். பிரேக் கிடையாது. ஒரே கியர், கிளட்ச் உண்டு. வண்டியின் குறைந்தபட்ச எடை 77 கிலோ. ஒரு ஓட்டத்தில், அதாவது ஒரு ஹீட்டில், நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். மண் தடத்தின் வளைவில் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, எஃகுத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் திருப்ப வேண்டும். ஒரு ஹீட் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு 0.

ஒரு நிமிட ஓட்டம் என்பதால் புறப்பாடும் முதல் வளைவும்தான் பாதிக்கு மேல் தீர்மானிக்கின்றன. நான்கு கேட்டுகளில், அதாவது புறப்படும் இடங்களில், ஒவ்வொருவரும் நிற்க, குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பியதும் கிளட்சை விட வேண்டும். எழும்புவதற்கு முன் நாடாவைத் தொட்டால் அந்த ஹீட்டிலிருந்து நீக்கம். மாலை தொடங்கும்போது உள்பக்கக் கேட் நன்றாகப் பிடிக்கும். ஓட்டங்கள் போகப்போக மண் வெளிப்பக்கம் குவியும், அப்போது வெளிக் கேட்டில் நிற்பவருக்குப் பிடிமானம் கூடும். அதனால்தான் ஒவ்வொரு அணிக்கும் எல்லாக் கேட்டும் முறையாகச் சுற்றி வரும்படி அட்டவணை போடுகிறார்கள்.

இப்போது அணிப் போட்டியின் கணக்கு. பழைய முறையில் நான்கு நாடுகள். ஒவ்வொரு ஹீட்டிலும் ஒரு நாட்டுக்கு ஒருவர். அணிக்கு நான்கு வீரர் என்றால் 20 ஹீட், ஐந்து வீரர் என்றால் 25 ஹீட்; ஒருவருக்கு ஐந்து ஓட்டம். கூட்டாளி யாரும் அந்த ஹீட்டில் இல்லை, எதிரே மூன்று நாட்டுக்காரர்கள். உங்கள் அணியின் நான்காவது ஆள், எதிரணியின் நான்காவது ஆளைவிட ஓட்டத்துக்கு அரைப் புள்ளி கூடுதலாக எடுத்தால், ஐந்து ஓட்டத்தில் இரண்டரைப் புள்ளி. பல இறுதிப் போட்டிகள் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்திருக்கின்றன.

உலக அணிக் கோப்பை 1960-ல் தொடங்கியது. முதல் இறுதி ஸ்வீடனின் கோத்தன்பர்கில் நடந்தது, ஸ்வீடனே வென்றது. அடுத்த ஆண்டே வ்ரோட்ஸ்வாஃப் நகரில் போலந்து கோப்பையை எடுத்தது. மரியான் கைசர், ஹென்ரிக் ஜிட்டோ, ஃப்ளோரியான் கபாவா, மியெச்சிஸ்வாஃப் பொவுகார்ட், ஸ்தானிஸ்வாஃப் ட்கோச் ஆகியோர் அந்த அணி. இவர்களில் யாரும் அப்போது உலக சாம்பியன் இல்லை. எதிரே ஸ்வீடனின் நட்சத்திரங்கள். எனவே அந்த வெற்றியைச் சமமான பலம் உள்ள வீரர்களின் வெற்றியாகவே பார்க்க வேண்டும்.

அப்படி வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1948-லேயே போலந்தில் லீக் தொடங்கிவிட்டது. வண்டி கிடைப்பதுதான் கடினம். 1950-களில் ஷெஷுஃப் நகரத்தில் டதேயுஷ் ஃபெட்கோ என்பவரின் முயற்சியில், ஆங்கிலேய ஜே.ஏ.பி. எஞ்சினை முன்மாதிரியாகக் கொண்டு ‘எஃப்.ஐ.எஸ்.’ என்ற வண்டியைச் சொந்தமாகவே செய்தார்கள். மேற்கத்திய நாணயம் கையில் இல்லாத ஒரு நாடு சர்வதேசப் போட்டிக்குத் தயாரானது இப்படித்தான். பிறகு பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவின் ‘எஸோ’ வண்டி வந்தது. 1960-களின் நடுவில் அது ஜாவா பெயருக்கு மாறியது. எஸோ அந்தக் காலத்தின் சிறந்த வண்டிகளில் ஒன்று, கிழக்கு ஐரோப்பியச் சந்தையிலேயே கிடைத்தது. 1960-களில் போலந்து வீரரும் ஸ்வீடன் வீரரும் ஏறக்குறைய ஒரே எஞ்சினில் உட்கார்ந்தார்கள் என்பது முக்கியம். சாதனம் சமமானால் ஆள்பலம் பேசும்.

பேசியது. 1965-ல் ஜெர்மனியின் கெம்ப்டன், 1966-ல் மறுபடி வ்ரோட்ஸ்வாஃப், 1969-ல் ரிப்னிக். ஆண்ட்ஷேய் விக்லெண்டா, ஆண்ட்ஷேய் பொகோஷெல்ஸ்கி, அந்தோனி வோரினா என்ற மூன்று பெயர்களை இந்தக் காலத்தின் முதுகெலும்பு எனலாம். வோரினா 1966-ல் தனிநபர் உலக இறுதியில் வெண்கலம் எடுத்தார். அந்த இறுதியில் பதக்கம் பெற்ற முதல் போலந்து வீரர் அவர். 1970-ல் இன்னொரு வெண்கலம். 1968-ல் எட்வர்ட் யான்சார்ஸ் வெண்கலம், 1970-ல் பாவெல் வலோஷெக் வெள்ளி.

1971-ல் ரிப்னிக்கில் நடந்த உலக ஜோடிப் போட்டி என் வாதத்துக்கு எதிராக நிற்கும் முதல் சான்று. விக்லெண்டாவும் யெஷி ஷ்சாகியெலும் இறங்கி 30-க்கு 30 எடுத்தார்கள். ஏழு ஜோடிகள், ஆகவே ஒரு ஜோடிக்கு ஆறு ஓட்டம். ஓர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடமும் பிடித்தால் 3+2, ஐந்து புள்ளி. ஆறு ஓட்டத்திலும் எதிரணி ஆள் ஒருவர்கூட இவர்களுக்கு முன்னால் கோட்டைக் கடக்கவில்லை என்று பொருள். உலக சாம்பியனான நியூஸிலாந்தின் ஐவன் மாகர் அங்கே இருந்தும் இது நடந்தது. ரிப்னிக் விக்லெண்டாவின் சொந்தத் தடம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, 1973 செப்டம்பரில், ஹோஷுஃப் சைலீஷியா அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் ஷ்சாகியெல் தனிநபர் உலக சாம்பியன் ஆனார். மாகரும் அவரும் சம புள்ளி. முடிவுக்கான கூடுதல் ஓட்டத்தில் மாகர் விழுந்துவிட்டார். ஸெனோன் ப்ளெஹ் வெண்கலம். போலந்துக்கு அடுத்த தனிநபர் பட்டம் 2010-ல்தான் வந்தது.

1969-க்குப் பின் அணித் தங்கமும் 27 ஆண்டு வரவில்லை. இந்த நீண்ட வறட்சியைப் பலர் ‘தலைமுறை மாற்றம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது போதாது. 1970-களின் நடுவில் நான்கு வால்வு எஞ்சின் வந்தது. முதலில் இரண்டு வால்வு ஜாவாவை மாற்றியமைத்த தலைகள், பிறகு இங்கிலாந்தின் வெஸ்லேக். பீட்டர் காலின்ஸ் 1976-ல் வெஸ்லேக்கில் உலக சாம்பியன் ஆனார். நான்கு வால்வுத் தலையில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை வேகமாக உள்ளே போகும், எஞ்சின் கூடுதல் சுழற்சி வரை இழுக்கும், நேர்கோட்டில் வண்டி தெளிவாக முன்னேறும். ஓட்டும் திறமையால் ஈடுகட்ட முடியாத இடைவெளி அது. வெஸ்லேக்கையும் அதன் உதிரிகளையும் பவுண்டு கொடுத்துத்தான் வாங்க முடியும். வார்சாவில் இருந்த சங்கத்துக்கு அந்த நாணயம் எளிதில் கிடைக்காது. உலக அளவில் ஓட்டும் ஒருவருக்கு மாலைக்கு இரண்டு வண்டியாவது தயாராக வேண்டும். போலந்தில் ஒரு நல்ல மேற்கத்திய எஞ்சினைப் பல பேர் பங்கிட வேண்டிய நிலை.

அப்படியிருந்தும் 1976-ல் லண்டனில் ஆஸ்திரேலியாவுக்குப் பின் வெள்ளி, 1977-ல் வ்ரோட்ஸ்வாஃபில் இங்கிலாந்துக்குப் பின் வெள்ளி. யான்சார்ஸ் விம்பிள்டனுக்கும் ப்ளெஹ் ஹாக்னிக்கும் பிரிட்டிஷ் லீகில் ஓட்டிய காலம் இது. ப்ளெஹ் 1979-ல் தனிநபர் வெள்ளி எடுத்தார். வெளிநாட்டு லீகில் ஓட்டியவர்களுக்கு நவீன எஞ்சின் கைக்கு வந்தது. அணியின் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு வரவில்லை. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்த பிறகு பயணமும் பணமும் இன்னும் இறுகின. டென்மார்க் 1983 முதல் 1988 வரை தொடர்ந்து ஆறு கோப்பை அள்ளியது. அதில் 1984 இறுதி போலந்தின் லெஷ்னோவில்தான் நடந்தது. சொந்தக் கூட்டம் இருந்தும் போலந்தால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆள் இருந்து வண்டி இல்லாத காலம் இது.

1989-க்குப் பின் ஆட்சி மாறியது, எல்லை திறந்தது. 1990-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் லூப்ளின் மோட்டார் கிளப்புக்கு ஓட்ட வந்தார். அந்த வருகையின் விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உலக சாம்பியன் ஒருவர் தன் வண்டி, தன் மெக்கானிக், தன் தயாரிப்பு முறை எல்லாவற்றையும் உங்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே இறக்கிவைத்தால், இளம் வீரர் கற்றுக்கொள்வதற்கு வேறு பள்ளி தேவையில்லை. தனியார் விளம்பரப் பணம் கிளப்புகளுக்கு வந்தது. இத்தாலியின் ஜி.எம். எஞ்சின் எல்லோருக்கும் கிடைத்தது. டோமாஷ் கோலோப் என்ற பிட்கோஷ்ச் இளைஞர் அப்போதுதான் வளர்ந்து வந்தார். 1995 மே மாதம் வ்ரோட்ஸ்வாஃபில் நடந்த முதல் ஸ்பீட்வே கிராண்ட் பிரியை (தனிநபர் உலகப் பட்டத்துக்கான தொடரின் சுற்று) வென்றவர் அவர்தான்.

1994 முதல் 1998 வரை உலக அணிக் கோப்பை ஜோடி வடிவில் நடந்தது: இரண்டு வீரர், ஒரு மாற்று. இந்த ஐந்து ஆண்டு முடிவு மிகவும் பேசுகிறது. ஸ்வீடன், டென்மார்க், போலந்து, டென்மார்க், அமெரிக்கா. அமெரிக்காவைக் கவனியுங்கள். அந்த நாட்டில் பெரிய லீக் கிடையாது. உலகத் தரத்தில் கிரெக் ஹான்காக், பில்லி ஹாமில், சாம் எர்மொலென்கோ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஜோடிப் போட்டிக்கு அது போதுமாக இருந்தது. 1995-ல் பிட்கோஷ்சில், கோலோபின் சொந்த ஊரிலேயே, டென்மார்க் வென்றது. 1996-ல் ஜெர்மனியின் டீடன்பெர்கனில் கோலோப், பியோத்ர் ப்ரொதாஷெவிச், ஸ்வாவோமிர் ட்ராபிக் மூவரும் போலந்துக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். 1997-ல் பீவா நகரில் டென்மார்க் முந்தியது. ஆக ஜோடியில் போலந்தால் வெல்லவே முடியாது என்பது சரியில்லை. வெல்லலாம், ஆனால் அந்த வடிவில் அவர்கள் மற்ற ஐந்தாறு நாடுகளுக்குச் சமம், கூடுதல் உரிமை எதுவும் இல்லை.

2001-ல் ‘ஸ்பீட்வே உலகக் கோப்பை’ என்ற புதிய போட்டி வந்தது. கோப்பைக்கு ஸ்வீடனின் முன்னாள் உலக சாம்பியன் ஓவே ஃபுன்டின் பெயர். முதல் இறுதி வ்ரோட்ஸ்வாஃபில். ஆஸ்திரேலியா முதலிடம், போலந்து இரண்டாமிடம். ஐந்து வீரர் அணிகள், 25 ஹீட், கூடவே ஜோக்கர் விதி: குறைந்தது ஆறு புள்ளி பின்தங்கிய அணி ஒருமுறை ஒரு வீரரை இரட்டைப் புள்ளிக்கு இறக்கலாம். பின்தங்கியவர் எட்டிப் பிடிக்க வைத்த விதி இது. முன்னணியில் இருப்பவர் இதற்கும் சேர்த்துத்தான் புள்ளி சேமிக்க வேண்டும்.

2005 வ்ரோட்ஸ்வாஃப் இறுதியை ஆள்பலம் என்றால் என்ன என்பதற்கான பாடமாகச் சொல்வேன். கோலோப், யாரோஸ்வாஃப் ஹம்பெல், க்ஷெகோஷ் வலாசெக், ப்ரொதாஷெவிச், கிஷிஷ்டோஃப் காஸ்ப்ஷாக். போலந்து 62, இரண்டாவதாக வந்த ஸ்வீடன் 34. 25 ஹீட்டில் ஓர் அணிக்கு ஜோக்கர் இல்லாமல் கிடைக்கக்கூடிய உச்சம் 75, அதில் 62. சராசரியாக ஹீட்டுக்கு இரண்டரை. அதாவது ஐந்து பேரில் பலவீனமானவர் என்று ஒருவரைச் சுட்ட முடியவில்லை. ஸ்வீடனிடம் அன்று பலமுறை உலக சாம்பியனான டோனி ரிக்கார்ட்சன் இருந்தார். அவர் ஐந்து ஓட்டத்தையும் வென்றாலும் 15 புள்ளிதான் சேரும்.

அதன்பின் 2007 லெஷ்னோ, 2009 மறுபடி லெஷ்னோ, 2010 டென்மார்க்கின் வோயென்ஸ், 2011 கோஷுஃப், 2013 பிராக், 2016 மான்செஸ்டர், 2017 லெஷ்னோ. 2001 முதல் 2017 வரை நடந்த 17 உலகக் கோப்பைகளில் போலந்துக்கு 8, டென்மார்க்குக்கு 4, ஸ்வீடனுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 2. 2007 முதல் வந்த ஏழு தங்கங்களும் பயிற்சியாளர் மரேக் சியெஷ்லாக் காலத்தவை. இவற்றில் எல்லாமே எளிதாக வந்ததில்லை. 2007-ல் டென்மார்க்கை 55–52 என்றுதான் வெல்ல முடிந்தது. 2013-ல் அதே டென்மார்க்கை ஒரே ஒரு புள்ளியில். 2014-ல் பிட்கோஷ்சில் அதே ஒரு புள்ளி டென்மார்க் பக்கம் சாய்ந்தது. 2012 முதல் அணிக்கு நான்கு வீரர் என்று குறைத்ததும் வித்தியாசம் சுருங்கியது இயல்பே. விதிவிலக்கு 2017: கோலோப் இல்லாத புதிய தலைமுறை (ஸ்மர்ஸ்லிக், மாச்சேய் யானோவ்ஸ்கி, பாட்ரிக் டூடெக், பியோத்ர் பாவ்லிட்ஸ்கி) 20 ஹீட்டில் 50 புள்ளி எடுத்தது, ஸ்வீடனுக்கு 27.

நார்வேயில் பிறந்து போலந்துக் குடியுரிமை பெற்ற ரூனே ஹோல்டா 2007, 2010 அணிகளில் இருந்ததைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அவரை எடுத்துவிட்டாலும் அந்த இடத்துக்கு மூன்று பேர் வரிசையில் நின்ற காலம் அது.

‘சொந்த மண்ணில் மட்டும் வெல்லும் அணி’ என்ற பேச்சுக்கும் கணக்கு சொல்லிவிடுகிறேன். 2023 வரை மொத்தம் 14 அணித் தங்கம். 9 போலந்தில், 5 வெளிநாட்டில். போலந்தில்தான் பெரிய கூட்டம் வருகிறது, ஆகவே அங்கே அதிக இறுதிகள் வைக்கிறார்கள். அதே மண்ணில் தோற்ற இறுதிகளும் குறைவில்லை, உதாரணமாக: 1977, 1980, 1984, 1995, 1997, 2001, 2014, 2018, 2020. சொந்தத் தடத்தின் பலன் உண்மை. எந்த வளைவில் நீர் எவ்வளவு நிற்கும், எட்டாவது ஹீட்டுக்குப் பிறகு எந்தப் பாதை பிடிக்கும் என்று தெரிந்திருப்பது ஓட்டத்துக்கு சில கஜம் தரும். ஆனால் இன்று அந்த அறிவு போலந்து வீரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இதற்குக் கீழே வருகிறேன்.

2018-ல் உலகக் கோப்பையை நிறுத்திவிட்டு ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் கொண்டுவந்தார்கள். மறுபடி ஜோடி. ஏழு நாடுகள், 21 ஹீட், ஒவ்வொரு ஜோடிக்கும் மற்ற ஆறு ஜோடிகளுடன் ஓர் ஓட்டம். ஒரு ஜோடி 1, 3 கேட்டுகளில் நின்றால் மற்றது 2, 4-ல். இதன்பின் வரும் பகுதிதான் போலந்தை அதிகம் காயப்படுத்தியது: புள்ளிப் பட்டியலில் இரண்டாவதும் மூன்றாவதும் ஓர் ஓட்டம் ஓட்டும், வென்றவர் முதலிடத்துக்காரரை ஒரே ஒரு இறுதி ஓட்டத்தில் சந்திப்பார். 21 ஹீட்டில் சேர்த்த முன்னிலை அந்த நான்கு சுற்றில் செல்லாது.

புள்ளி முறையும் மாறியது. 3-2-1-0 முறையில் ஒரு ஜோடி முதலிடமும் கடைசி இடமும் பிடித்தால் 3. எதிர் ஜோடி நடு இரண்டு இடம் பிடித்தாலும் 3. பின்னர் வந்த 4-3-2-0 முறையில் முதலும் கடைசியும் சேர்ந்தால் 4, நடு இரண்டும் சேர்ந்தால் 5. அதாவது உலக சாம்பியன் முன்னால் பறந்துபோய் வென்றாலும், கூட்டாளி கடைசியில் வந்தால் அணிக்குத் தோல்வி. ஸ்மர்ஸ்லிக் போன்ற ஒருவரின் மதிப்பை இந்த முறை வேண்டுமென்றே குறைக்கிறது. ஜோடியாக ஓட்டுவதை ஊக்குவிக்கும் நல்ல விதி என்றே நினைக்கிறேன். போலந்துக்கு மட்டும் அது வசதியில்லை.

ஜோடி ஓட்டம் போலந்து வீரர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்பவர்கள் அவர்களின் லீகைப் பார்த்ததில்லை. அதன் முதல்நிலைப் பிரிவான எக்ஸ்ட்ராலீகாவில் ஓர் ஆட்டம் 15 ஹீட், எல்லாமே இரண்டுக்கு இரண்டு. கூட்டாளிக்காக வெளிப்பாதையை அடைப்பது, முன்னால் போனவர் வேகத்தைக் குறைத்து பின்னால் வருபவருக்கு இடம் கொடுப்பது எல்லாம் வாரந்தோறும் செய்வதுதான். ஆனால் அந்த வேலையை அவர்கள் கிளப் கூட்டாளியுடன் செய்கிறார்கள், அவர் பெரும்பாலும் வெளிநாட்டவர். தேசிய அணியின் கூட்டாளி லீகில் எதிரணிக்காரர்.

பழக்கத்தைவிடப் பெரிய பிரச்சினை வண்டி அமைப்பில் வரும் தவறுக்கு இடமின்மை. நடைமுறையில் எப்படி என்றால்: தடம் இறுகி வழுக்கலாக இருக்கும் என்று நினைத்து ஒரு வீரர் பின் ஸ்ப்ராக்கெட்டை (சங்கிலி சுற்றும் பற்சக்கரம்) தேர்ந்தெடுத்து வருகிறார். பல் கூடினால் புறப்பாடு வேகம், நேர்கோட்டில் மூச்சு முட்டும். பல் குறைந்தால் நேர்கோட்டில் இழுக்கும், வளைவிலிருந்து வெளிவரும்போது மந்தம். நீர் அதிகம் ஊற்றப்பட்டு மண் கனமாக இருந்தால் முதல் ஓட்டத்திலேயே கணக்கு தவறு. வழுக்கும் தடத்தில் எஞ்சின் மிகக் கூர்மையாக இழுத்தால் பின்சக்கரம் சும்மா சுழலும், வண்டி முன்னால் போகாது. மெக்கானிக் ஓட்டங்களுக்கு நடுவில் ஸ்ப்ராக்கெட் மாற்றுவார், இக்னிஷன் நேரத்தை ஒரு துளி நகர்த்துவார், எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுவார், இடது ஓரம் தேய்ந்த பின்டயரைத் திருப்பிப் போட்டு மறு ஓரத்தைப் பயன்படுத்துவார், கிளட்ச் சூடேறி இழுத்தால் தட்டுகளைக் கழற்றிப் பார்ப்பார், தேறாவிட்டால் இரண்டாவது வண்டிக்கு மாறச் சொல்வார். சரியான அமைப்பு கிடைக்க இரண்டு ஓட்டம் போய்விடும்.

உலகக் கோப்பையில் அப்படி ஒருவர் தடுமாறும் நேரத்தில் மற்ற மூன்று பேர் புள்ளி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதுமட்டுமின்றி, முதலில் ஓட்டியவர் ‘உள்பாதை பிடிக்கவில்லை, மூன்றாவது கேட்டிலிருந்து புறப்பட்டால் நேராக வெளியே போ’ என்று அடுத்தவருக்குச் சொல்ல முடியும். நான்கு வீரர் என்றால் நான்கு ஓட்டத்தின் தகவல். ஜோடிப் போட்டியில் தடுமாறும் ஆள் அணியின் சரிபாதி. மூன்றாவது வீரரை உள்ளே கொண்டுவரலாம். ஆனால் அவர் அதுவரை தடத்தில் இறங்காதவர், முதல் ஓட்டத்தின் தவறுகளை அவர் இனிமேல்தான் செய்யப்போகிறார்.

இனி எதிரணிகள். 2018, 2019, 2020 மூன்று ஆண்டும் ரஷ்யா வென்றது. அதில் இரண்டு இறுதி போலந்து மண்ணில், வ்ரோட்ஸ்வாஃபிலும் லூப்ளினிலும். எமில் சைஃபுத்தினோவும் ஆர்த்யோம் லகுத்தாவும் அந்த அணியின் தூண்கள். இருவரும் வருடம் முழுக்க போலந்து லீகில் ஓட்டியவர்கள். அந்தத் தடங்களின் மண் அவர்களுக்கும் அத்துபடி. 2022-ல் ரஷ்ய உரிமத்துக்குச் சர்வதேசத் தடை வந்தபின் அந்த அணி இல்லை; போலந்துக் குடியுரிமையும் இருப்பதால் இருவரும் 2023 முதல் லீகில் மீண்டும் ஓட்டுகிறார்கள். 2021-ல் மான்செஸ்டரில் பிரிட்டன் தங்கம், போலந்து வெள்ளி. பிரிட்டனின் ராபர்ட் லாம்பர்ட் டோருன் கிளப்புக்கும் டான் பியூலி வ்ரோட்ஸ்வாஃப் கிளப்புக்கும் ஓட்டியவர்கள். 2022-ல் ஆஸ்திரேலியா, 2024-ல் பிரிட்டன், 2025-ல் டோருனிலேயே ஆஸ்திரேலியா. உலகின் சிறந்த வீரர்களை வரவழைத்து, புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, வாரந்தோறும் கடும் போட்டியில் கூர்தீட்டி, பிறகு தேசிய அணியில் அவர்களையே சந்திக்கிறது போலந்து. லீகைச் சுருக்குவது இதற்கு மருந்தாகாது. அந்த லீக் இல்லாவிட்டால் சொந்த வீரர்களும் இந்தத் தரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

சொந்த வீரர்களை வளர்க்கும் ஏற்பாடு உண்மையிலேயே பாராட்டத்தக்கது. லீக் விதிப்படி ஒவ்வொரு அணியிலும் 21 வயதுக்கு உட்பட்ட இரண்டு போலந்து வீரர்கள் இருக்க வேண்டும். ஆட்டத்தின் இரண்டாவது ஹீட் இளையோர் மட்டும் ஓட்டுவது. ஆகவே நல்ல ஜூனியர் இல்லாத கிளப் ஆட்டம் தொடங்கி சில நிமிடத்திலேயே பின்தங்கும். இதனால் கிளப்புகள் பள்ளி நடத்துகின்றன, சிறுவர்களைச் சிறிய தடத்தில் சிறிய எஞ்சினில் ஏற்றிப் பழக்குகின்றன. 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக அணிப் போட்டி 2005-ல் தொடங்கியதும் முதல் ஐந்து ஆண்டும் போலந்தே வென்றது இந்த ஏற்பாட்டின் நேரடிப் பலன்.

2023-ல் உலகக் கோப்பை மீண்டும் நடந்தது, வ்ரோட்ஸ்வாஃபில், பழைய நான்கு நாடு வடிவில், ரஃபால் டோப்ருட்ஸ்கி பயிற்சியில். போலந்து 33, பிரிட்டன் 31, டென்மார்க் 29, ஆஸ்திரேலியா 27. வடிவம் திரும்பியது, தங்கமும் திரும்பியது. ஆனால் அந்த நான்கு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: முதலுக்கும் நான்காவதுக்கும் ஆறே புள்ளி. 2005-ல் முதலுக்கும் இரண்டாவதுக்குமே 28. மற்ற நாடுகளின் மூன்றாவது, நான்காவது ஆளும் இப்போது போலந்து லீகில்தான் பழகுகிறார் என்பதால் ஆள்பலத்திலும் இடைவெளி குறைந்துவிட்டது.

ஜோடிப் போட்டியில் போலந்து என்ன செய்யலாம் என்றால், தேர்வை மாற்றலாம். பருவத்தின் புள்ளிப் பட்டியலில் ஸ்மர்ஸ்லிக்குக்கு அடுத்து யார் என்று பார்த்து எடுப்பது உலகக் கோப்பைக்குச் சரி. 4-3-2-0 முறைக்குத் தேவையான இரண்டாவது ஆள் வேறு வகை. எந்தக் கேட்டிலிருந்தும் முதல் வளைவுக்கு மூன்றாவதாகவாவது வந்து சேரும், பின்னால் வருபவரை நான்கு சுற்றும் அடைத்து வைக்கும், கடைசி இடம் மிக அரிதாக வரும் ஒருவர். அவர் ஓட்டங்களை அதிகம் வெல்லத் தேவையில்லை. லீக் புள்ளிவிவரத்தில் ‘எத்தனை வெற்றி’ என்ற கட்டத்தை விட்டு ‘எத்தனை பூஜ்யம்’ என்ற கட்டத்தைப் பார்த்து அவரைத் தேட வேண்டும். அந்த ஆளையும் ஸ்மர்ஸ்லிக்கையும் மே மாதத்திலிருந்தே சில நட்பு ஆட்டங்களில் ஒன்றாக இறக்கி, 1-3 கேட்டில் யார் எங்கே, 2-4-ல் யார் எங்கே என்று முடிவு செய்துவிட வேண்டும். பொதுவாக வேகமாகப் புறப்படுபவரை வெளிக் கேட்டில் வைத்தால் அவர் முதல் வளைவில் உள்ளே சாய்ந்து எதிராளியை மறிப்பார், உள்ளே இருக்கும் கூட்டாளிக்கு வெள்ளைக் கோட்டோரம் பாதை திறக்கும். தடம் வெளிப்பக்கம் பிடிக்கும் இரவில் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். இறுதி ஓட்டத்தில் கேட் தேர்வு கிடைக்கும்போது இந்த முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அங்கே நின்று யோசிக்க நேரம் இருக்காது.